முகூர்த்தத்தில் ஓடிய மறுபக்கம்

என் அம்மா சீராகக் கொடுத்த பீரோவில் நான்கு தட்டுகள். கீழ்த்தட்டில் என் சேலைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மேலே உள்ள மூன்று தட்டுகளிலும் என் வீட்டுக்காரரின் சின்ன ரிக்கார்டுகள் காற்றாட நிற்கின்றன. படுக்க வைத்தால் வளைந்துவிடுமாம், அதனால் நிற்க வைத்திருக்கிறார். என் பட்டுச் சேலை மடிப்பில் இற்றுப்போனால் அவருக்குக் கவலை கிடையாது. ரிக்கார்டு மேல் தூசி விழுந்தால் மட்டும் மனிதருக்குச் சோறு இறங்காது.

சின்ன ரிக்கார்டு என்று நாங்கள் சொல்வது டிபன் தட்டு அளவில் இருக்கும் கறுப்புத் தட்டை. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றும். இந்தப் பக்கம் ஒரு பாட்டு, திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் ஒரு பாட்டு. அம்புட்டுதான். அதற்கு முன்னால் இருந்த அரக்குத் தட்டுகள் கனமானவை. கை தவறினால் அப்பளம் போல நொறுங்கும். பிறகு வந்த பெரிய தட்டுகளில் ஒரு படத்துப் பாட்டு முழுவதும் இருக்கும், ஆனால் அதெல்லாம் பங்களாவாசிகளுக்கு. எங்களைப் போன்ற ஆட்களுக்குப் பாட்டைத் தனியாக வீட்டுக்குக் கூட்டிவந்தது இந்தச் சின்னதுதான். படம் வருவதற்கு முன்பே ரிக்கார்டு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதைப் போடுவார்கள். ஒரு டீயை மூன்று பாட்டுக்கு இழுத்துக் குடிக்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். படம் வந்து ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போய்விடும். பாட்டு மட்டும் வருஷக்கணக்கில் ஓடும்.

இப்போதுள்ள பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இது எதற்கு என்று. போனில் பாட்டு கேட்கிறவர்கள் பாதிப் பாட்டில் அடுத்ததுக்குத் தாவுகிறார்கள். சின்ன ரிக்கார்டில் தாவ முடியாது. எழுந்து போய், உறையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்து, ஊசியை இறக்கி, மூன்றரை நிமிஷம் அதற்கென்றே உட்கார வேண்டும். முடிந்ததும் மறுபடி எழுந்து போய்த் திருப்ப வேண்டும். இத்தனை பாடுபட்ட பிறகு பாட்டு நல்லாயில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? பாதி ருசி அந்தப் பாட்டில், பாதி ருசி நாம் எழுந்து நடந்ததில். இதை நான் என் வீட்டுக்காரரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் என் கீழ்த்தட்டும் போய்விடும்.

இந்தச் சின்ன ரிக்கார்டு ஒன்றால் எங்கள் குடும்பத்தில் நாற்பத்தைந்து வருஷம் ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பாட்டை இரண்டு தடவை வைப்பார்கள். முதலில் கதாநாயகனும் கதாநாயகியும் சிரித்துச் சிரித்துப் பாடுவார்கள். படம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது அதே மெட்டை இழுத்து, அவன் மட்டும் தனியாக நின்று அழுதுகொண்டே பாடுவான். சின்ன ரிக்கார்டுக்கு இது ரொம்பத் தோதாகப் போயிற்று. ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் சோகம். நான் காலேஜில் படிக்கும்போது அப்படி ஒன்று வாங்கினேன். எந்தப் படம் என்று கேட்காதீர்கள், படம் எடுத்தவர்களுக்கே மறந்திருக்கும். பழங்காநத்தத்தில் இருந்த எங்கள் வீட்டில், அப்பா வைத்திருந்த சூட்கேஸ் மாதிரிப் பிளேயர் பெட்டியில், ஊசி குதிக்காமலிருக்க அதன் தலையில் ஒரு அஞ்சு பைசாவை ஒட்டி, அந்தப் பாட்டைத் தேயத் தேயக் கேட்டேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரே ஒரு ஆசைதான் சொன்னேன். தாலி ஏறினதும் இந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும், சந்தோஷப் பக்கம்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான திருமங்கலத்தில். மைக் செட் அவர்கள் ஏற்பாடு. அந்தக் காலத்தில் மைக் செட் இல்லாமல் விசேஷம் கிடையாது. வேப்பமரத்தில் இரண்டு கூம்புக் குழாய்களைக் கட்டி, விடியுமுன்பே சாமிப் பாட்டைப் போட்டு, இன்ன தெருவில் கல்யாணம் என்று நாலு ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு வந்தவர் ஒரு பாய். அப்போது இருபத்தைந்து முப்பது வயசு இருக்கும். மைக் செட் அவருடைய வாப்பாவின் தொழில்.

காலையில் அலங்காரத்துக்கு நடுவிலும் எனக்கு ரிக்கார்டு ஞாபகம்தான். உறையின் முன்னால் படம் இருக்குமில்லையா, அந்தப் படத்துப் பக்கமாகச் சந்தோஷப் பாட்டு வரும்படி தட்டைச் செருகினேன். வெளியே எடுத்துப் பார்த்தேன். மறுபடி செருகினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு அப்பா கையில் கொடுத்துச் சொன்னேன்.

"மைக் செட்டுக்காரர்கிட்டக் குடுத்துருங்கப்பா. நான் சரியா வச்சிருக்கேன், அவர் திருப்பிக்கூடப் பாக்க வேணாம்னு சொல்லிருங்க."

முகூர்த்த நேரம் நெருங்கியது. நாயனக்காரர்கள் வரவில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க முகூர்த்தம், அவர்கள் பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல நேரம் நாயனத்துக்காகக் காத்திருக்குமா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, "பாட்டப் போடுங்க பாய்!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் தாலியை என் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டார். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது. அவருக்கு ஒரே அக்கா. அந்த மதினி என் பின்னால் குனிந்து கயிற்றைப் பிடித்த நேரம் பார்த்து, வேப்பமரத்துக் கூம்பு இரண்டிலிருந்தும் அந்தக் கதாநாயகன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

என்ன சொல்ல! அட்சதை தூவ ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு கிழவி, "அடி ஆத்தீ, என்ன இது அபசகுனம்!" என்றாள். பாய் ஊசியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அது கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது, அதுவும் திருமங்கலம் முழுக்கக் கேட்டது. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் அவசர அவசரமாக அட்சதையைப் போட்டு, கல்யாணம் நடந்து முடிந்தது.

முதல் சண்டை மறுவீட்டு விருந்திலேயே வந்தது. "உங்க வீட்டு ரிக்கார்டு" என்றார் மதினி. "உங்க ஊரு மைக் செட்டு" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், யார் கத்தினாலும் அதைவிடக் கத்தத் தெரியும். மதினியும் லேசுப்பட்டவர் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொள்வோம், பலகாரம் கொடுத்துக்கொள்வோம். எங்கே போய் எப்படிச் சுற்றினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். உங்க வீட்டு ரிக்கார்டு. உங்க ஊரு மைக் செட்டு. என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

இதில் சிரிப்பதற்கு நிறைய இருந்தாலும், ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு மதினி எந்தக் கல்யாணத்திலும் தாலிக் கயிற்றைத் தொடவில்லை. சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம், முறைப்படி அவர் முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு யாரையாவது தள்ளிவிட்டு, சமையல் பக்கம் போய் நின்றுகொள்வார். என் மேல் உள்ள கோபத்தை இப்படிக் காட்டுகிறார் என்றே நான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அறுபது வந்தபோது அறுபதாம் கல்யாணம் வைக்க ஆசைப்பட்டார். அதிலும் தாலி கட்ட வேண்டும், அதிலும் நாத்தனார் முடிச்சு உண்டு. மதினியைக் கூப்பிடப் போனவர் வாடிப்போய்த் திரும்பி வந்தார். "நான் வரல, என் கை வேணாம்" என்று அக்கா சொல்லிவிட்டதாம்.

"அவங்க வராட்டி என்ன? நாம நடத்துவோம்" என்றேன்.

"அக்கா இல்லாம எனக்கு எதுக்கு இன்னொரு கல்யாணம்? ஒருவாட்டி கட்டுனதே போதும்" என்று சொல்லிவிட்டு ரிக்கார்டு துடைக்கப் போய்விட்டார். அறுபது அப்படியே போயிற்று.

அறுபத்தாறில் அவருக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து எழுந்தார், நல்லாத்தான் இருக்கிறார். இந்த வருஷம் எழுபது. எழுபதுக்கும் கல்யாணம் செய்துவைப்பது உண்டு. ஒருநாள் பீரோ முன்னால் நின்றுகொண்டு, முகத்தைத் திருப்பாமலே, "எழுபதுக்கு வச்சுக்கலாமான்னு நெனச்சேன். எம்பதுக்குப் பாத்துக்கலாம்னு நான் சொல்ல முடியாதுல்ல" என்றார். அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, மூன்று தட்டுகளைத் தவிர.

இந்தத் தடவை மதினி வந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி? எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அந்த மைக் செட்டு பாயைக் கண்டுபிடித்து, "தப்பு என்னுதுதான்" என்று அவர் வாயாலேயே மதினி முன்னால் சொல்ல வைப்பது. எங்கள் ரிக்கார்டு மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டால் மதினியின் கோபம் இறங்கிவிடும் என்பது என் கணக்கு. அந்த ரிக்கார்டைப் பையில் போட்டுக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினேன். எங்கே போறே என்று கேட்ட வீட்டுக்காரரிடம் டெய்லர் கடைக்கு என்று சொன்னேன்.

பாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இப்போது அவர் பெரிய சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். ஆள் உயரப் பெட்டிகள், லைட்டுகள், எல்லாம் மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கடை முன்னால் ஒரு மேசையில் பழைய பிளேயர் ஒன்றையும் ரிக்கார்டுப் பெட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. இரண்டு காலேஜ் பெண்கள் சின்ன ரிக்கார்டு கேட்டு நின்றார்கள். அதில் ஒருத்தி சுவரில் மாட்டவாம். "சொவத்துல மாட்டுனாப் பாடாதும்மா, ஒரு தடவையாச்சும் கேட்டுட்டு மாட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் நான் யார் என்று சொன்னேன். எந்தத் தெரு, எந்த வேப்பமரம், என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லவே வேணாம்மா. எத்தனையோ கல்யாணம் பாத்தாச்சு, அது ஒண்ணு மட்டும் மறக்குமா? எங்க வாப்பா என்னைய அடிக்காத கொறை. இந்த ஊருல ரொம்ப நாள் எனக்குப் பேரே அழுகுணி பாய்தான்."

நான் விடவில்லை. "அப்ப ஒத்துக்கிறீங்கள்ல பாய்? எங்க ரிக்கார்டு மேல தப்பு இல்ல. நான் சரியாத்தான் வச்சுக் குடுத்தேன். படத்துப் பக்கம் சந்தோஷப் பாட்டு. மூணு தடவ பாத்தேன்."

பாய் கையை நீட்டினார். ரிக்கார்டைக் கேட்டு வாங்கினார். "அன்னைக்கு வச்ச மாதிரியே இப்ப வைங்க" என்றார். நானும் படத்துப் பக்கம் சந்தோஷப் பாட்டு வரும்படி செருகிக் கொடுத்தேன். அவர் உறையை இடது கையில் வைத்துக்கொண்டு, எங்கோ தெருவைப் பார்த்தபடி, வலது கையால் தட்டை உருவினார். உருவின கை அப்படியே மணிக்கட்டில் திரும்பி, தட்டைப் பிளேயரில் உட்கார வைத்தது. கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். மேலே இருந்தது சோகப் பக்கம்.

"பந்தல்ல மண்ணு, அட்சத, குங்குமம், எல்லாம் பறக்கும்மா" என்றார் பாய். "ஓடப்போற பக்கத்துல ஒரு துரும்பு உக்காந்தாலும் ஊசி குதிக்கும். அதனால ஓடப்போற பக்கத்தப் படத்துக்குப் பின்பக்கமாத்தான் வைப்போம். உருவுற வேகத்துல திருப்பிப் போட்டா, அது மேல வந்துரும். எங்க வாப்பா பழக்கினது. எல்லா மைக் செட்டுக்காரனும் இப்படித்தான்னு சொல்லல, எங்க வீட்டுல இப்படி. கண்ணு மேடையில இருக்கணும், கையி பொட்டியில இருக்கணும்."

"போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கக் கூடாதா பாய்?"

"பாப்பேம்மா. வெளி ரிக்கார்டு வந்தா எப்பவும் பாப்பேன்." உறையை மேசையில் வைத்தார். "அன்னைக்கு ஒங்க அப்பா வந்து குடுத்தப்ப, பொண்ணு சரியா வச்சிருக்கு, திருப்பிக்கூடப் பாக்க வேணாம்னு சொல்லிவிட்டுச்சுன்னாரு. கல்யாணப் பொண்ணே சொல்லிவிட்டுச்சேன்னு நானும் பாக்கல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாற்பத்தைந்து வருஷம் நான் கூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்? பேரக் கெடுத்துக்கிட்டு எதுக்குச் சும்மா இருந்தீங்க?"

"என்னம்மா பேசுறீங்க? தாலி ஏறி ஒரு நிமிஷம் ஆகல. பொண்ணு சொல்லித்தான் பாக்கலன்னு நான் வாயத் தொறந்தா, மாமியா வீட்டுல ஒங்கள நிம்மதியா வாழ விட்டுருப்பாங்களா? எனக்கென்ன, ரெண்டு முகூர்த்தம் போகும், மூணாவது வரும். அல்லா குடுப்பான்." பிறகு சிரித்தார். "ஆனா நீங்க என்னைய அழுகுணி பாய்னு சொல்லிருப்பீங்களே?"

சொல்லியிருக்கிறேன். அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், தலையைக் குனிந்துகொண்டே குடித்தேன். கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு நீங்கதான் பாட்டுப் போடணும் பாய்" என்றேன். "இன்ஷா அல்லா, வாரேன். ஆனா நீங்க யார் மூலமாவும் ஒண்ணும் சொல்லிவிடாதீங்க" என்றார்.

மதினி வீடு அங்கிருந்து இரண்டு தெரு. நேராக வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். பாயைக் கூட்டிப் போய் ஒத்துக்கொள்ள வைக்க வந்தவள், இப்போது நானே போய் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் யாரிடம்? உங்க வீட்டு ரிக்கார்டு என்று முதல் நாளிலிருந்து சொல்லிவரும் மதினியிடம். சொன்னால் சாகும்வரை குத்திக் காட்டுவார். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரரின் எழுபதும் போய்விடும். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். "வா புள்ள, என்ன திடீர்னு?" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். படத்துப் பக்கம் வைத்தது, திருப்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது, பாய் வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

"நீங்க சொன்னது சரிதான் மதினி. எங்க வீட்டு ரிக்கார்டுதான். என் திமிருதான். என்னைய என்ன திட்டணுமோ திட்டுங்க, ஆனா ஒங்க தம்பிக்காக வந்துருங்க. என் மேல இருக்க கோவத்துல அவர விட்டுறாதீங்க."

மதினி கீரையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒம்மேல கோவம்னா நெனச்ச?" என்றார். "கிறுக்கச்சி. கோவமா இருந்தாப் பத்து நாளு இருக்கும். நாப்பத்தஞ்சு வருசமா இருக்கும்?"

"பெறகு எதுக்கு மதினி?"

ஒரு கீரைக் காம்பை எடுத்து ஒடித்தார். "நான் ஒரு முடிச்சுத்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு. ரெண்டு போடணும்ல? ஒண்ணு போட்டேன். ரெண்டாவதுக்குக் கயித்தப் பிடிச்சேன், அந்தப் பாட்டு அலறுச்சு. கையி நடுங்கிப்போச்சு. எல்லாரும் அந்த மரத்தையே பாக்குறாக. ஒன் பின்னங்கழுத்துல மாலையும் சடையும் மறைச்சுக் கெடந்துச்சு, ஒருத்தரும் கவனிக்கல. நான் கயித்த விட்டுட்டு எந்திரிச்சுட்டேன். பெறகு யாருகிட்டச் சொல்ல? எந்தம்பி தாலியில ஒரு முடிச்சு கொறையுதுன்னு எந்த வாயால சொல்ல?"

"அந்தக் கயித்தத்தான் மூணாம் மாசமே பிரிச்சுக் கோத்தாச்சே மதினி! அதுல எந்த முடிச்சு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"பிரிக்கிறது வேற புள்ள. போடாம விடுறது வேற." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு மொதப் பிள்ள தங்கலைல்ல, அப்ப நெனச்சேன். அவனுக்கு நெஞ்சு வலிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நெனச்சேன். என் கையினாலதான் எந்தம்பிக்கு இம்புட்டும்னு. அந்தக் கைய இன்னொரு கழுத்துகிட்டக் கொண்டுபோக எனக்குத் துணியுமா? வாய்க்கு வந்தபடி ரிக்கார்டு ரிக்கார்டுன்னு கத்துனேன். கத்துனாத்தான முடிச்சப் பத்தி யாரும் கேக்கமாட்டாக?"

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு தப்பை மடியில் கட்டிக்கொண்டு, நடுவில் ஒரு சின்ன ரிக்கார்டைப் போட்டு உருட்டியிருக்கிறோம். பாவம், அது என்ன செய்யும்? மிச்சக் கீரையை நானும் ஆய்ந்தேன். "விட்ட முடிச்ச வந்து போட்டுருங்க மதினி, கணக்கு தீந்துரும்" என்றேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாசல் வரை வந்து, "என்ன கலர் சேல எடுத்திருக்க?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மாலைகளை நானே பார்த்து எடுத்துவந்தேன், யாரையும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் புது மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சிரித்தால் பல்செட் ஆடுமாம். இந்தத் தடவை நாயனக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தாலி கட்டும்போது நாயனம் வேண்டாம், ரிக்கார்டுதான் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பாய் தன் பழைய பிளேயரை மேடைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார். மதினி மேடை ஏறுவதற்கு முன்னால் நேராக அவரிடம் போனார். "பாய், காட்டுங்க" என்றார். பாய் ரிக்கார்டைப் பிளேயரில் வைத்துக் காட்டினார். மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, நடுவட்டத்துக் காகிதத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகும் நம்பாமல் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாய் மூன்றாவதாகப் படித்தார். அப்புறம்தான் மேடை ஏறினார்.

ஊசி இறங்கியது. கொஞ்சம் கரகரவென்று கீறல் சத்தம், அதற்குப் பின்னால் என் காலேஜ் காலத்துப் பாட்டு, சிரித்துக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் முதல் முடிச்சைப் போட்டார். அவர் விரல் குளிர்ந்திருந்தது. பிறகு மதினியின் கைகள் என் பின்னங்கழுத்தில் பட்டன. ஒரு முடிச்சு. நிதானமாக இறுக்கினார். இன்னொன்று. எல்லோரும் பூவைப் போட்டுவிட்டார்கள், முடிந்தது என்று நான் நிமிரப் பார்த்தேன். தோளைப் பிடித்து அழுத்தி, "இரு, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் காதருகில்.

பாட்டு முடியும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. ரிக்கார்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தபோது, மேடையிலிருந்தே பாயைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"பாய், திருப்பிப் போடுங்க. அந்தப் பக்கத்த நான் முழுசாக் கேட்டதே இல்ல."

மண்டபத்தில் பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். அவர் திருப்பிப் போட்டார். அந்தக் கதாநாயகன் அழ ஆரம்பித்தான். என்ன குரல், என்ன இழுப்பு! எனக்கு எப்போதுமே இந்தப் பக்கம்தான் அதிகம் பிடிக்கும், வெளியே சொன்னதில்லை. மதினி என் தோளில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். "நல்லாத்தாண்டி பாடுறான்" என்றார். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார், பல்செட்டைப் பற்றிக் கவலைப்படாமல்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவி எண்ணினேன். நாலு முடிச்சு.